முப்பிடாதியின் வாயில் இருந்த பெயர்

வாகைப்பொட்டலில் கேபிள்காரர் தன்னுடைய மெஷினுக்குப் பெயர் மாற்றிய மறுநாள் காலை, ஊரில் எழுபது ஆம்பிளைகள் பெயர் இல்லாமல் எழுந்தார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. அவர்களுக்கு அன்றைக்குப் பால் வாங்க வேண்டியிருந்தது, ஏழே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது, குழாயில் தண்ணீர் வேறு வந்துவிட்டது.

கேபிள்காரரின் பெயரை இங்கேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தால் நமக்கும் அது வாயில் வர மாட்டேன் என்கிறது. வரும்போது சொல்லுவோம். அன்று காலை அவர் டீக்கடைக்குப் போனபோது, இருபது வருஷமாக அவருக்குச் சர்க்கரை கம்மியாக டீ போடுகிற கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "வாரும் நூத்திருவத்தேழு, ஒரு டீயா?" என்றார். கேபிள்காரர் திடுக்கிடவில்லை, கோபப்படவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. "ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நூற்றிருபத்தாறு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இப்படியே நூற்றிருபத்தைந்து, நூற்றிருபத்துநான்கு என்று மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்து ஐம்பத்தெட்டில் நின்றது. ரேஷன் கார்டைப் பிரித்தால் பெயர் இருந்த இடத்தில் எண், வாக்காளர் அட்டையில் எண், கையில் பச்சை குத்தியிருந்தவர்களின் கையிலும் எண். வாகைப்பொட்டல் இதைத் தாங்கிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கி "பேரு?" என்பார், எதிரில் நிற்பவர் "தொண்ணூத்தாறு" என்பார், "நட்சத்திரம்?" "பூரம்." அவ்வளவுதான், அம்மனும் ஆட்சேபிக்கவில்லை. பேரூராட்சித் தலைவருக்கு அறுபத்துமூன்று வாய்த்திருந்தது. முதல் ஆளாக இருக்க வேண்டிய தன்னை அறுபத்துமூன்றில் வைத்தது எதிர்க்கட்சியின் சதி என்று சொல்லி அவர் மறு எண்ணிக்கை கேட்டார், கேட்டுக்கொண்டே 'உங்கள் அறுபத்துமூன்று அழைக்கிறார்' என்று பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸும் வைத்தார். பாவப்பட்டவர்கள் இரண்டே பேர்தான். நூறு என்று ஆகிப்போன சலவைக்கடைக்காரரிடம் ஆடு திருட்டுப்போனவர்களெல்லாம் வந்து புகார் சொன்னார்கள். நூற்றெட்டு என்று ஆகிப்போன கொத்தனாரை யாருக்காவது நெஞ்சு வலித்தால் வீடு தேடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் கூடவே ஆஸ்பத்திரிவரை போய் வந்தார்.

பெண்களில் ஒருத்திக்கும் பெயர் போகவில்லை, பிள்ளைகளுக்கும் போகவில்லை. பெண்களுக்கு இது வேறு ஒரு வசதியையும் செய்துகொடுத்தது. வாகைப்பொட்டலில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசில் ஒரு வருஷம் குறையும். அதனால் 'இங்க பாருங்க', 'ஏங்க', 'எங்க வீட்டு ஆளு', 'மூத்தவன் அப்பா' என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள். எண்ணைச் சொல்லக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. ஒரே வாரத்தில் தெரு முழுக்க "ஏ எம்பத்தொண்ணு, கொடத்த இறக்கி வையி" "தொண்ணூத்தி நாலு, அரிசிய நனையப் போட்டேரா இல்லையா?" என்று குரல்கள் கேட்க ஆரம்பித்தன. முப்பது வருஷமாகத் தொண்டையில் அடைத்திருந்த எதுவோ விலகினாற்போல் இருந்தது என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

நூற்றிருபத்தேழை மட்டும் அவர் வீட்டில் அப்படிக்கூட யாரும் கூப்பிடவில்லை. அவர் பெண்டாட்டி முப்பிடாதி அவரோடு பேசி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அந்தக் கதை இதுதான். முப்பிடாதிக்கு ஐயம்பெருமாள் என்று ஒரு தம்பி இருந்தான். ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுவான். ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. கை ஒரு பக்கம் போகும், கால் வேறு பக்கம் போகும், மேளக்காரர் சிரித்துத் தாளம் தப்புவார். மஞ்சள் காமாலையில் அவன் போன பிறகு, அவன் கல்யாண வீடியோவை முப்பிடாதி வெள்ளிக்கிழமை தோறும் போட்டுப் பார்ப்பாள். கல்யாண வீடியோக்களை எடுப்பதும் லோக்கல் சேனலில் போடுவதும்தான் நூற்றிருபத்தேழின் தொழில், எல்லாமே ஒற்றை டிஸ்க்கில் இருந்தது. ஒரு நாள் அந்த டிஸ்க் டிக் டிக் என்று நாலு தடவை சொல்லிவிட்டுச் செத்துப்போனது. "இன்னொரு காப்பி வச்சிருப்பேருல்லா?" என்று முப்பிடாதி கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். அதுதான் அவள் அவரோடு கடைசியாகப் பேசியது.

அதற்குப் பிறகு அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் மிக்ஸியிடம் சொல்லுவாள். "மிக்ஸி, சோறு ஆறுது." "மிக்ஸி, காஸ் தீந்துபோச்சு, நாளைக்குச் சொல்லணும்." அவரும் பதிலை மிக்ஸியிடமே சொல்லிவிட்டுப் போவார். நல்ல மிக்ஸி, ஒன்றையும் மாற்றிச் சொன்னதில்லை.

ஆனால் மனுஷன் சும்மா இருக்கவில்லை. லினக்ஸில் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் மெஷின் வாங்கி, அதில் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க்குகளை மாட்டி, ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதும்படி ஜோடி சேர்த்தார். ஒன்று செத்தாலும் ஒன்று இருக்கும். இரண்டும் சேர்ந்து மெஷினுக்கு ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும், அந்த ஜோடிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். அவர் முப்பிடாதி என்று வைத்தார். ஊரில் யாருக்கும் அது தெரியாது, முப்பிடாதிக்கும் தெரியாது. அந்த முப்பிடாதிக்குள் மூன்று வருஷமாக அவர் என்ன சேர்த்துக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது.

பூங்காற்று என்று அவர் பெயர் வைத்திருந்த சேனல் நொண்டியடித்துக்கொண்டிருந்ததால், பக்கத்து ஊர் எண்கணிதக்காரர் ஒருவரிடம் போனார். அவர் கட்டம் போட்டுப் பார்த்து, "பூங்காத்துன்னு பேரு வச்சா தூக்கம்தான்வே வரும், தொழிலு வராது. புயல்னு மாத்தும்" என்றார். நூற்றிருபத்தேழு போர்டில் புயல் என்று எழுதினார், ரசீதுப் புத்தகத்தில் புயல் என்று அடித்தார், அரைகுறையாக விடக் கூடாதென்று மெஷினுக்கு உள்ளே போய் அதன் பெயரையும் பூங்காற்றிலிருந்து புயல் என்று மாற்றி, அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

மறுநாள் டீ குடித்துவிட்டு வந்து மெஷினைப் போட்டால் முப்பிடாதியைக் காணோம். சேனல் புரோகிராம் முப்பிடாதி எங்கே முப்பிடாதி எங்கே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டது. மறுபடியுமா என்று நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெஷினிடம் இருக்கிற டிஸ்க் ஜோடிகளின் நிலவரத்தைக் கேட்டார். ஒன்று இருக்கிறது, இரண்டு டிஸ்க்கும் சுகம், பெயர் நூற்றிருபத்தேழு என்று மெஷின் சொன்னது. உள்ளே திறந்து பார்த்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் எண்ணும் அதுவேதான் என்பதை அப்போதுதான் கவனித்தார்.

கவனித்துவிட்டால் விடுகிற ஆள் இல்லை. புத்தகங்களைப் புரட்டினார், முகம் தெரியாத யார் யாரோ கணினிக்காரர்கள் எழுதிவைத்ததைப் படித்தார், மூன்று நாளில் விஷயம் பிடிபட்டது. டிஸ்க்குகளுக்கும் தலையெழுத்து உண்டு. ஜோடி சேர்க்கும்போதே அதன் பெயரோடு, எந்த வீட்டுப் பிள்ளை என்பதும் தலையில் எழுதப்பட்டுவிடும். இவற்றின் தலையில் 'பூங்காற்று வீட்டு முப்பிடாதி' என்று இருக்கிறது. காலையில் கண் விழித்த மெஷினோ தன்னைப் புயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இது நம் வீட்டுப் பிள்ளை இல்லை, யாரோ வெளியாள், கிடக்கட்டும் என்று கடைசி எண்ணைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டது. இன்னொரு வெளியாள் வந்தால் அவனுக்கு நூற்றிருபத்தாறு.

பழைய பெயருக்கே திரும்பிவிடலாம், ஆனால் போர்டு எழுதியாயிற்று. அதனால் மெஷினின் பெயர்ப் பட்டியலில், இது நம் முப்பிடாதிதான் என்று ஒரு வரி எழுதிவைத்து, அணைத்துப் போட்டார். மறுபடியும் நூற்றிருபத்தேழு. எழுதியதைச் சரிபார்த்து, அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே எண். ஒரு நாள் முழுக்க மெஷினை அண்ணே, தம்பி, மூதேவி என்று எல்லா முறையும் வைத்துத் திட்டிவிட்டுத்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். மெஷின் எழும்போது முதலில் பெரிய பட்டியலைப் பார்ப்பதில்லை. கண் முழுசாகத் திறப்பதற்கு முன்னால், அரைத்தூக்கத்தில், கையில் ஒரு சின்னச் சீட்டை வைத்து வாசிக்கிறது. யார் யார் நம் ஆள் என்பதை அப்போதே முடிவு பண்ணிவிடுகிறது. பிறகு பட்டியலில் நூறு தடவை எழுதினாலும் அது ஏறாது. சீட்டிலும் அந்த வரி ஏறும்படி புதுப்பித்துவிட்டு, அணைத்துப் போட்டார். முப்பிடாதி எழுந்து வந்தாள்.

அவர் நேராக டீக்கடைக்கு ஓடினார்.

"நம்ம பேரு ஏன் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். "சொந்த வீட்டுக்குள்ள நம்ம பேர ஒருத்தரும் சொன்னதில்ல. பொம்பளையாளு பேரையும் பிள்ளைய பேரையும் நாம நாளைக்கு நூறு வாட்டி கத்துதோம். நம்ம பேர யாரு சொல்லுதா? வீட்டப் பொறுத்தவரைக்கும் நாம வெளியாளுடே."

"எம் பேரு போகலையே?" என்றார் கடைக்காரர்.

"ஒம்ம ஆத்தா ஒம்மகூட இருக்காவ. தெனமும் விடிய முன்ன பேரச் சொல்லி ஏசுதாவல்லா? கண்ணு தொறக்க முன்ன வீட்டாளு வாயால காதுல விழுந்தாத்தான் பேரு ஏறும்."

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். அது உண்மைதான். யோசித்துப் பார்த்தால், தாயை வீட்டில் வைத்திருந்த எந்த மகனுக்கும் எண் விழவில்லை.

அன்று சாயங்காலமே ஆட்டோக்கள் கிளம்பின. அண்ணன் வீட்டில் ஆறு மாசம் தம்பி வீட்டில் ஆறு மாசம் என்று பந்தாடப்பட்ட தாய்மாரையெல்லாம் தேடித் தேடிப் போய், 'வா ஆத்தா நம்ம வீட்டுக்கு' என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்த இடங்களும் உண்டு. பல தாய்மார் அசையவில்லை. போன தீபாவளிக்கு நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்டுவிட்டு முறுக்கைக் கடித்தார்கள். தாய் கிடைத்த பதினோரு பேருக்கு, விடியற்காலை கண் திறக்கும் முன்னால் காதில் பெயர் சொல்லப்பட்டு, பெயர் திரும்பியது. பாக்கிப் பேருக்குப் பெண்டாட்டிதான் கதி.

குழாயடியில் பெண்கள் கூடினார்கள். எல்லாருக்கும் புருஷன் பெயர் தெரியும். ஊர் உலகத்தில் அழிந்துபோன பெயரெல்லாம் அவரவர் பெண்டாட்டி வாய்க்குள் பத்திரமாக இருந்தது, ஒரு தடவைகூட வெளியே எடுக்காததால் கசங்காமலும் இருந்தது.

"ஆயுசு கொறஞ்சா யாரு பொறுப்பு?" என்றாள் ஒருத்தி.

"எண்ணே நல்லாத்தானட்டி இருக்கு, சின்னதா" என்றாள் இன்னொருத்தி.

தையல்காரி இசக்கியம்மாள்தான் முதலில் துணிந்தாள். நூற்றெட்டின் பெண்டாட்டி அவள். வேளை கெட்ட வேளையில் கதவைத் தட்டி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவதில் அவளுக்குத் தூக்கம் போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் புருஷன் காதில் "பண்டாரம்" என்று சொன்னாள். அவர் பண்டாரமாக எழுந்தார். ஆயுசு குறைகிறதா என்று பார்க்க ஊரே மூன்று நாள் பண்டாரத்தைச் சுற்றி நின்றது. இரண்டாம் நாள் பழைய வடை தின்று அவர் வாந்தியெடுத்தபோது ஒப்பாரிக்கே ஆள் தயாராகிவிட்டது. நாலாம் நாள் அவர் சாரத்தில் ஏறிப் பூசுவேலை பார்த்தார். அதற்கப்புறம் பெண்கள் பயத்தை விட்டுவிட்டு நிபந்தனைக்கு வந்தார்கள். எண்பத்தொன்றுக்குக் கூரை ஒழுகலை அடைக்கும்வரை பெயர் கிடைக்கவில்லை. தலைவருடைய மனைவி, பிளக்ஸில் தன் படத்தையும் அதே அளவில் போட்ட பிறகே வாயைத் திறந்தாள். பெண்டாட்டியும் தாயும் இல்லாத மூன்று பேருக்கு, அவர்களுக்குச் சோறு போடும் மெஸ்காரம்மா போய்ச் சொல்லி எழுப்பிவிட்டு வந்தாள். யார் வீட்டுச் சோற்றைத் தின்கிறோமோ அந்த வீட்டு ஆள்தானே.

புரட்டாசி பிறந்தபோது ஊரில் ஒரே ஒரு எண்தான் மிச்சம்.

வழி கண்டுபிடித்தவருக்கே வழியில்லை. தாய் உயிரோடு இல்லை, பெண்டாட்டி பேசுவதில்லை. நூற்றிருபத்தேழு தன் பெயரைத் தானே நினைத்துப் பார்க்க முயன்றார், நாலு எழுத்தா ஆறு எழுத்தா என்பதுகூட நினைவில் இல்லை. மெஸ்காரம்மாவிடம் கேட்டார். "பொஞ்சாதி கையால தின்னுதேரு, நான் சொன்னா எப்படி ஏறும்?" என்றாள் அவள். அந்தப் பெயர் உலகத்தில் முப்பிடாதியிடம் மட்டும்தான் இருந்தது. அவள் செத்துப்போனாலோ, சொல்லாமலே இருந்துவிட்டாலோ அது போனதுதான், டிக் டிக் என்று போன டிஸ்க்கைப் போல. இன்னொரு காப்பி கிடையாது. அதை நினைத்தபோது அவருக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது. காப்பி இல்லாமல் ஒன்று போவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும்.

ஊர்க்காரர்கள் தூது போனார்கள். "ஒரு வார்த்த சொல்லிரேன் மதினி" என்று கெஞ்சினார்கள். முப்பிடாதி மிக்ஸியைப் பார்த்து, "மிக்ஸி, வந்தவங்களுக்குக் காப்பி போடவா, கெளம்புதாவளா?" என்றாள். கிளம்பினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வழக்கமான படத்தைப் போடுகிற நேரத்தில், நூற்றிருபத்தேழு வேறொன்றைப் போட்டார். பெயருக்காகப் போட்டார் என்று சொல்லுவோர் உண்டு. அப்படியில்லை. பெயர் இனி வராது என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். முழுசாகச் சேர்த்த பிறகு காட்டலாம் என்று வைத்திருந்தது, இனிமேல் சேர்க்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அவர் சேனலில் எதைப் போட்டாலும் முதல் பத்து நொடிக்கு அது மெஷினுக்குள் எந்தப் பெயரில் எங்கே இருக்கிறது என்பதும் திரையில் தெரியும், அதை மறைக்க அவர் கற்றுக்கொள்ளவேயில்லை. அன்றைக்கு ஊர் முழுக்க டிவியில் 'முப்பிடாதி / ஐயம்பெருமாள்' என்று வந்தது.

பிறகு ஐயம்பெருமாள் வந்தான். இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களின் ஓரத்திலிருந்து வந்தான். ஊரில் வீடு வீடாகப் போய்ப் பழைய சிடியும் பழைய செல்போனும் கேட்டு வாங்கி, மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் பார்த்துப் பார்த்து நூற்றிருபத்தேழு வெட்டியெடுத்த துண்டுகள் அவை. யாருடைய முழங்கைக்கோ பின்னால் பாதி முகமாக ஒரு நாலு நொடி. பந்தியில் பாயசத்தை இலையோடு தூக்கிக் குடித்து, கேமராவைப் பார்த்ததும் இலையால் முகத்தை மறைத்துக்கொண்டு பதினொரு நொடி. காருக்கு முன்னால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக ஆடி, மேளக்காரர் சிரிக்க, தானும் சிரித்து, துண்டு அவிழ்ந்து விழ, இருபது நொடி. மொத்தம் ஏழு நிமிஷம் நாற்பது நொடி. ஊரில் எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். "அது எங்க கல்யாணம்லா" என்று ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு துண்டைச் சொந்தம் கொண்டாடினார்கள். முப்பிடாதி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அவர் பயந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனார். சோறு வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மிக்ஸி, நாளைக்கு இன்னொருக்கா போடச் சொல்லு" என்றாள்.

மறுநாளும் போட்டார். மூன்றாம் நாளும் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் மிக்ஸியின் மூடியைத் திருகிக்கொண்டே, "மிக்ஸி, பொட்டிக்கு எதுக்கு எம் பேர வச்சாராம்?" என்று கேட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தொலைஞ்சிரக் கூடாதுன்னுதான், மிக்ஸி" என்றார். அப்புறம், "ஒரு வாரம் தொலைஞ்சுதான் கெடந்தது. இப்ப கெடச்சிட்டு" என்றார்.

அவள் மிக்ஸியின் மூடியை இறுக்கி மூடிவிட்டு, அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

விடியற்காலையில் கூடத்துப் பாயில் அவர் அரைத்தூக்கத்தில் கிடந்தார். கண் இன்னும் திறக்கவில்லை. பக்கத்தில் யாரோ உட்கார்வது தெரிந்தது, இட்லி மாவு வாசனை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருபத்துமூன்று வருஷமாக உள்ளே வைத்திருந்த பொருளை எடுக்கும்போது கொஞ்சம் நேரம் ஆகத்தானே செய்யும். அவள் இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். பிறகு அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தெருவில் யார் கேட்டாலும் கேட்கட்டும் என்ற குரலில் சொன்னாள்:

"எந்திரிலே சிவனணைஞ்சான். மிக்ஸிகிட்டப் பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்கு."